பனிப்புகாருக்குள் எல்லே

எங்கள் வீட்டில் ‘எல்லே’ என்ற சொல், ‘அல்லவா’ என்ற அர்த்தத்தில், எப்போதும் வசனத்தின் வாலில்தான் வரும். “சொன்னனான் எல்லே.” “நாளைக்குப் பள்ளிக்கூடம் எல்லே.” “உம்மடை தம்பி எல்லே, நீர்தான் கேக்கோணும்.” கடைசியாகச் சொன்னது அப்பா அம்மாவுக்குச் சொல்வது, அது அடிக்கடி காதில் விழும். ஆகவே ஒரு கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை, லண்டன் ஓரத்தில் மிச்சம் என்ற ஊரின் பொதுவெளி நடுவில், பனிப்புகாருக்குள் மாமா சட்டென்று நின்று “எல்லே” என்று மட்டும் சொன்னபோது, முன்னால் வரவேண்டிய வசனத்தை அவர் விழுங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். மிச்சத்தைச் சொல்லுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்தில் புறப்பட்டு, எந்தெந்த நாடுகளுக்குள்ளால் வந்தார் என்று அவருக்கே சரியாகத் தெரியாத ஒரு வழியால் லண்டனுக்கு வந்து, எங்கள் முன்னறைச் செற்றியில் படுக்கத் தொடங்கியிருந்தார். வேலைக்குப் போக அவருக்கு அனுமதி இல்லை. சட்டி பானை கழுவுவார், என் சைக்கிளுக்குக் காற்றடிப்பார், ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பின்வளவுக் கொட்டிலுக்குள் போய் நிற்பார். ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டால், மண்வெட்டி தேடினேன் என்பார். எங்களிடம் மண்வெட்டி இருந்ததே இல்லை.

அவரை இந்த நாட்டில் இருக்க விடுவதா, திருப்பி அனுப்புவதா என்று தீர்மானிக்கிற விசாரணை அடுத்த கிழமை நடக்க இருந்தது. ஊரில் என்ன நடந்தது என்று வாய் திறந்து, முதலிலிருந்து கடைசிவரை, கோவையாகச் சொல்லவேண்டும் என்று லோயர் சொல்லியிருந்தார். சொல்லாவிட்டால் பிளேன் ஏற்றிவிடுவார்களாம். மாமாவிடமோ எல்லாவற்றுக்கும் ஒரேயொரு சொல்தான் இருந்தது. பின்னேரங்களில் அப்பா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு குசினி மேசையில் வெள்ளைக்கார அதிகாரியாக உட்காருவார். பெற்றோல் நிலையத்தில்தான் வேலை என்றாலும் கழுத்துப்பட்டி அப்பாவுக்கு நன்றாகப் பொருந்தும்.

“ஏன் நாட்டை விட்டு வந்தனீர்?”

“அங்கை பிரச்சினை, சேர்.”

“என்ன பிரச்சினை?”

“பெரிய பிரச்சினை, சேர்.”

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிடும், ஆனால் கழுத்துப்பட்டியின் மரியாதைக்காக அடக்கிக்கொள்வார். அம்மா சிரிக்கமாட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் ஏதோ நடந்தது, அன்றைக்குத் தொடக்கம் அவன் இப்படித்தான் என்று ரெலிபோனில் யாருக்கோ மெதுவாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அதற்குமேல் அம்மாவுக்கும் தெரியாது.

சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்து மண்டபத்தில் எங்களுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது மாமாவின் பொறுப்பு. புறப்படும்போது அம்மா மாமாவிடம் “பிள்ளை கவனம்” என்பார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு “மாமா கவனம், கையை விட்டிடாதை” என்பார். இப்படி ஒருவரையொருவர் காவல்காத்துக்கொண்டு நாங்கள் இருவரும் போய்வருவோம். எனக்கு ஒன்பது வயது. காவல்காரி நான்தான் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

அன்றைக்கு வகுப்பு முடிந்து வெளியே வந்தால் தெருவைக் காணோம். பனிப்புகார் அப்படி இறங்கியிருந்தது. பஸ் வருகிற அறிகுறி இல்லை. பொதுவெளியைக் குறுக்கே கடந்தால் வீடு கிட்ட என்று நடந்தோம். அந்த வெளியைப் பற்றி என் வகுப்புப் பெட்டை ஒருத்தி பயங்கரக் கதைகள் சொல்லியிருந்தாள். முந்திய காலத்தில் வழிப்பறிக்காரரை அங்கேதான் தூக்கில் தொங்கவிட்டார்களாம். புகார் நாட்களில் கயிறு ஆடுகிற சத்தம் கேட்குமாம். நான் கயிற்றுச் சத்தத்துக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். கேட்டது வேறு சத்தம். கட்டையில் ஏதோ மோதுகிற ஒரு ‘டொக்’. பிறகு பல ஆண்கள் ஒன்றாகக் கத்தினார்கள், உடனே எல்லாம் அடங்கிவிட்டது. அப்போதுதான் மாமா நின்று அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னார்.

“எல்லே என்ன, மாமா?”

“எல்லே விளையாடுறாங்கள்.”

அப்படி ஒரு விளையாட்டு இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. உருண்டைக் கட்டையால் பந்தை அடித்துவிட்டு, மூலைக்கு மூலை ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். சிங்களவர் வருஷப்பிறப்புக்கு விளையாடுவது. ஊரில் எங்கள் பள்ளிக்கூடங்களிலும் விளையாடுவார்களாம். லண்டனில் அதை யார் விளையாடுவது என்று கேட்க நினைத்த கணத்தில் புகார் கொஞ்சம் விலகியது. அவர்களைக் கண்டேன். எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறச் சட்டை, தலையில் தொப்பி, முழங்காலோடு நின்றுவிட்ட காற்சட்டை, அதற்குக் கீழே நீண்ட கம்பளி மேசு. ஒருவனுக்கு மீசை கன்னம்வரை ஓடியிருந்தது. அப்படி உடுத்தவர்களை நான் பழைய படங்களில்தான் கண்டிருக்கிறேன், படங்களில் இருக்கிறவர்கள் எல்லாரும் செத்துப்போனவர்கள். ஓடுவோம் என்று மாமாவின் கையை இழுத்தேன்.

மாமா அசையவில்லை. அவர் கண்டது என் பேய்களை அல்ல. புகாருக்குள் உருவங்கள் நின்ற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஏதோ வரவு கூப்பிடுகிற மாதிரி, சத்தமாகக் கூப்பிடத் தொடங்கினார்.

“குகன்... யோகன்... எடேய், ரூபன்!”

தூரத்தில், மரங்களின் பக்கம், தனியாக நின்ற ஓர் உருவம் கையை உயர்த்தியது. மெதுவாக உயர்த்தி அப்படியே வைத்திருந்தது. பிறகு புகார் மூடிவிட்டது. நான் வளர்ந்து, நாலு விஷயம் படித்து, பேய் பிசாசை நம்பாதவளாக ஆகிவிட்டேன். ஆனாலும் அந்தக் கையை நான் கண்டேன் என்பதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

புகாரைக் கிழித்துக்கொண்டு எங்களை நோக்கி ஒருவர் வந்தார். கரிய நீளக் கோட்டு, வட்டத் தொப்பி, வெள்ளைத் தாடி. தூக்கில் போடுகிறவர் இவர்தான் என்று முடிவு செய்தேன். அவரோ மிக நல்ல குரலில், பார்க்க வந்தீர்களா என்று என்னைக் கேட்டார். ஆங்கிலம் தெரிந்த ஆள் நான் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். பிறகு, கேட்காமலே விளக்கம் சொன்னார். அவர்கள் பென்சன் எடுத்த வாத்திமார், தபால்காரர், ஒரு பல் வைத்தியர். பழைய காலத்தில் பைத்தியமான ஆட்கள். நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஆட்டக்காரர், இங்கிருந்து ஒரு பஸ் தூரத்திலுள்ள மைதானத்தில் விளையாடிய ஆட்டத்தை, அதே உடுப்புப் போட்டு, கையுறைகூட இல்லாமல், மறுபடி விளையாடிக் காட்டப் போகிறார்களாம். இது ஒத்திகை. அந்த நாளிலும் இப்படித்தான் புகாராம். கூட்டத்துக்கு ஆட்டமே தெரியவில்லையாம், சத்தம் மட்டும்தான் கேட்டதாம். அதைச் சொல்லும்போது கிழவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

“வந்தவை சும்மா விளையாடினவை இல்லையாம் மாமா. அதுதான் அவையின்ரை வேலையாம். விளையாடச் சம்பளமாம்” என்று மொழிபெயர்த்தேன்.

“விளையாடவோ?” என்றார் மாமா. 

கிழவர் வந்த காரியம் வேறு. அன்றைக்கு ஓர் ஆள் குறைவாம். மரங்களின் பக்கம் நிற்க ஆளில்லையாம், இவர் வருவாரா என்று கேட்டார். அங்கேதானே ஒருவர் கையை உயர்த்தினார் என்று நான் காட்டினேன். கிழவர் திரும்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை, அதற்காகத்தான் கேட்கிறேன் என்றார். நான் இதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை. மாமா கோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, அந்தக் கை உயர்ந்த இடத்துக்கு நேரே நடந்துபோனார்.

அதன்பிறகு கொஞ்ச நேரம் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. ஏனென்றால் மாமா கெட்டிக்காரர். பந்து புகாருக்குள் காணாமல் போகும். பிறகு அதே புகாருக்குள்ளிருந்து மாமா வெறுங்கையால் பிடித்த பந்தோடு வெளியே வருவார். பல் வைத்தியர் விசிலடித்தார். முன்னறையில் கூனிக்கொண்டு திரிகிற மனிதருக்கு இவ்வளவு நீளமான கைகால்கள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு கை தட்டினேன்.

பிறகு அடிக்கிற முறை வந்தது. பந்து உயரமாக வேண்டுமா, பதிவாக வேண்டுமா என்று அடிக்கிறவரைக் கேட்டுத்தான் எறியவேண்டும் என்பது பழைய சட்டமாம். கிழவர் பெரிய மரியாதையோடு மாமாவைக் கேட்டார். எல்லேயிலும் அடிக்கிறவனுக்குத் தோதாகத்தான் பந்து போடுவார்கள் போலிருக்கிறது. மாமா உடனே இடுப்பைத் தொட்டுக் காட்டினார். பந்து வந்தது. அடித்தார். அந்த ‘டொக்’ இப்போதும் என் காதில் இருக்கிறது. பந்து எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மாமா ஓடினார். முதல் மூலை, அடுத்த மூலை, மூன்றாவது. எல்லாரும் கத்தினார்கள். கடைசியில், புறப்பட்ட இடத்தில், அவரைக் கட்டிப்பிடிக்கக் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்கள். மாமா அவர்களைத் தாண்டி ஓடினார். அவர் முகத்தை நான் கிட்டத்தில் கண்டேன். அது விளையாடுகிறவரின் முகம் இல்லை. ஓடி ஓடிப் புகாருக்குள் போய்விட்டார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு காத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

கையை விட்டிடாதை என்று அம்மா சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாமா, மாமா என்று கத்தினேன். என் சத்தம் எங்கும் போகாமல் வாயடியிலேயே நின்றது. கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் கட்டையோடு, மாமா போன திசையில் நடந்தார். புல், முட்பற்றை, ஈரம். குளக்கரையில், பற்றைக்குள், குந்திக்கொண்டு இருந்தார் மாமா. என்னைக் கண்டதும் வாயில் விரல் வைத்தார்.

“குனி. சத்தம் போடாதை.”

குனிந்தேன். அவர் என் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். அவருடைய இதயம் அடிப்பது என் காதுக்குள் கேட்டது. அந்த நேரம் கிழவர் புகாருக்குள்ளிருந்து கரிய கோட்டும் தொப்பியும் கட்டையுமாக எங்களுக்கு மேலே வந்து நின்றார். மாமா என்னை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். நான் கேட்டே அறியாத ஒரு மொழியில், மிகப் பணிவாக, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இதுதான் பேய்களின் மொழி என்று நடுங்கினேன். அது சிங்களம். நாங்கள் விளையாடத்தான் செய்கிறோம் ஐயா, விளையாட்டு மட்டும்தான் என்று அதற்கு அர்த்தம்.

கிழவருக்கு அது ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் அவர் கட்டையைத் தூரப் போட்டார். தொப்பியைக் கழற்றினார். அந்த வயதில், அந்த ஈரப் புல்லில், மாமாவுக்கு முன்னால் மெல்லக் கீழே உட்கார்ந்தார். அவரை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கசியும். கோட்டுக்குள்ளிருந்து பிளாஸ்க் எடுத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மாமா குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, தமிழில், பிரச்சினை என்ற சொல் இல்லாமல் சொல்லத் தொடங்கினார்.

“நான் அடிச்சுப்போட்டு ஓடிக்கொண்டிருந்தனான், பிள்ளை. ஆமி ஜீப் வந்ததை நான் காணேல்லை. மற்றவங்கள் கண்டு நிண்டிட்டாங்கள். நிண்ட நிண்ட இடத்திலேயே நிண்டிட்டாங்கள். நான் ஓட்டத்திலை இருந்தபடியால் நிக்கேல்லை. வேலிக்குள்ளாலை பூந்து ஓடினனான்.”

“பிறகு?”

“பிறகு சத்தம் கேட்டது.”

“நீங்கள் திரும்பிப் போகேல்லையோ?”

“இல்லை” என்றார்.

அவர்கள் இன்னும் அங்கே நின்ற நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். ஓடினவர் திரும்பி வராமல் ஆட்டம் எப்படி முடியும் என்பதே என் கவலையாக இருந்தது.

போகும்போது, இந்த விளையாட்டின் பெயர் என்ன என்று மாமா தன் சொந்த ஆங்கிலத்தில் கிழவரைக் கேட்டார். பேஸ்போல் என்றார் கிழவர். மாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இவ்வளவு நாளும் தொண்டைக்குள் கிடந்த ஒன்றுக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது! வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்றிரவு மாமா அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எல்லாவற்றையும் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மா அழுதது சுவருக்குள்ளால் கேட்டது. ஆனால் மறுநாள் வீட்டில் ஒரு தென்பு வந்திருந்தது. வாய் திறந்துவிட்டானே! அப்பா மறுபடி கழுத்துப்பட்டி கட்டினார். எல்லே என்று சொல்வதா, பேஸ்போல் என்று சொல்வதா என்று ஒரு கேள்வி வந்தபோது தீர்ப்புச் சொன்னவரும் அவர்தான். “எல்லே எண்டால் இவங்களுக்கு விளங்குமே? மொழிபெயர்க்கத் தமிழ்நாட்டு ஆள் வந்தால், நீ எல்லே எல்லே எண்டு சொல்ல, என்ன எல்லே எண்டு கேக்கும். இங்கிலீஷ் பேர் இருக்கெல்லே, அதைச் சொல்லு.”

விசாரணையில் மொழிபெயர்க்க வந்தவர் மெய்யாகவே சென்னைப் பக்கத்து அம்மையார்தான். மிக மரியாதையான ஆளாம். “பேஸ்பாலா சொல்றீங்க?” என்று வியப்போடு கேட்டாராம். ஓம், அதுதான், பேஸ்போல் என்று மாமா அதிகாரியின் கண்ணைப் பார்த்து நேரடியாகவே சொன்னாராம். மைதானம், ஜீப், வேலி, எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னாராம். எந்தப் பிசகும் இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா கேசரி கிண்டினார்.

சில மாதங்களில் பதில் வந்தது. லோயர் ரெலிபோனில் சொல்ல, அப்பா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பேஸ்போல் அமெரிக்கர் விளையாடுகிற ஆட்டமாம். யாழ்ப்பாணத்தில் அது விளையாடப்படுவதாக அவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லையாம். ஆகவே சொல்லப்பட்ட ஆட்டம் நடக்கவில்லை. ஆட்டம் நடக்காததால் அதன் நடுவே ஜீப்பும் வரவில்லை. எவ்வளவு படித்தவர்கள்! எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பற்றி எரிகிறது. மாமாவோ கோபப்படவில்லை. கொட்டிலுக்குள் போய் நின்றார். அன்றைக்கு ஹெலிகொப்டர் ஒன்றும் வரவில்லை.

பிறகு மேல்முறையீட்டில், வருஷக்கணக்கில் இழுத்தடித்து, அவரை இருக்க விட்டார்கள். அது பெரிய கதை. நான் சொல்ல வந்தது, பதில் வந்த அன்று பின்னேரம் குசினி மேசையில் நடந்தது. லோயர் ஒரு வழி சொல்லியிருந்தார். அந்த மைதானத்தில் அன்றைக்கு மாமாவோடு நின்ற வேறு யாராவது வந்து, ஓம், இது நடந்தது என்று சொன்னால் போதுமாம். அப்பா தயங்கித் தயங்கி அதைக் கேட்டார்.

மாமா பெயர்களைச் சொன்னார். எந்த மூலையில் எவன் நின்றான், எவன் பந்து எறிந்தான், எவன் கால் சுளுக்கி ஓரமாக உட்கார்ந்திருந்தான் என்று ஒருவரையும் விடாமல் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு சாட்சி கேட்ட இடத்தில் இத்தனை பேர்! அம்மா எழுந்துபோய் அடுப்பை நிற்பாட்டினார். அப்பா கழுத்துப்பட்டியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் ஏன் இப்படிச் சும்மா இருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

“அவை எல்லாரையும் வரச்சொல்லுங்கோவன், மாமா” என்றேன். “எங்கடை வீட்டிலை படுக்கலாம்.”

மாமா என்னைப் பார்த்தார். “ஓம் பிள்ளை” என்றார். “சொல்லிப் பாக்கிறன்.”

நான் முன்னறைக்குப் போய், செற்றியைச் சுவரோடு தள்ளிவிட்டு, அத்தனை பேருக்கும் படுக்க இடம் காணுமா என்று பார்க்கத் தொடங்கினேன்.